ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் புத்தகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் வீட்டுக்காரரும் ராத்திரியில் புத்தகத்தோடு உட்காருகிற ஆட்கள் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். திருச்சியில் நடுத்தரமான ஒரு வீடு, இரண்டு அலமாரி புத்தகம், அவ்வளவுதான். இரவல் வாங்க வருகிறவர்கள், புதிதாகக் கல்யாணமாகிக் குடிவந்தவர்கள், ஓய்வு பெற்ற கையோடு "இனி பொழுது எப்படிப் போகும்" என்று கவலைப்படுகிறவர்கள் என்று பலரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதிவிடுகிறேன்.

இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைத்தான் படிக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். ஆளுக்கொன்று படிக்கலாம். அவருக்கு வரலாறு, பயணம், துப்பறியும் கதை. எனக்குச் சிறுகதையும் தன்வரலாறும். ஒரே அறையில் ஒரே விளக்கடியில் இருக்கிறோம் என்பதே போதும். நடுவில் ஒருவர் "இதைக் கொஞ்சம் கேளேன்" என்று ஒரு பத்தியை வாசித்துக் காட்டுவார். அதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மூன்று பக்கத்துக்கு ஒரு தடவை "இதைக் கேளேன்" என்றால் அடுத்தவர் கையில் இருக்கும் புத்தகம் எப்போது நகரும்? எங்கள் வீட்டில் எழுதப்படாத ஏற்பாடு ஒன்று உண்டு. அடுத்தவர் பக்கம் திருப்பும்போதுதான் குறுக்கே பேச வேண்டும்.

சரி, எந்த நேரத்தில் உட்காருவது? மாலையில் வீடு அமைதியாக இருப்பதே இல்லையே?

இதுதான் முக்கியமான கேள்வி. இதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

ஆறு மணிக்கு விளக்கு வைக்கிற நேரம். பால் வரும், பூக்காரம்மா வருவார், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் இருக்கும், கொசு வரும், குக்கர் விசிலடிக்கும். அந்த நேரத்தில் அமைதியைத் தேடாதீர்கள், கிடைக்காது. எட்டரைக்கு மேல் பத்து மணிக்குள் ஒரு முக்கால் மணி நேரம் கிடைத்தால் அது பெரிய விஷயம்.

நான் பார்த்தவரை, பல வீடுகளில் இந்தப் பழக்கம் நிலைக்காமல் போவதற்குத் தொலைக்காட்சியோ செல்போனோ முதல் காரணம் இல்லை. அடுப்படிதான் காரணம். கணவர் சாப்பிட்டு முடித்துச் சாய்வு நாற்காலியில் புத்தகத்தை விரித்துவிடுவார். மனைவி அப்போதுதான் கடைசித் தோசையைத் திருப்பிக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு பாத்திரம், மேடை துடைப்பது, பாலுக்கு உறை ஊற்றுவது, காலைக்கு ஊறப்போடுவது, காய் நறுக்கி வைப்பது. எல்லாம் முடித்து அவர் வந்து உட்காரும்போது கண் சொக்கும். "என் மனைவிக்குப் புத்தகம் என்றாலே தூக்கம் வந்துவிடுகிறது" என்று இந்தக் கணவரே என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொள்வார். புத்தகத்தைக் குறை சொல்லி என்ன பயன்? அந்த அம்மா காலை ஐந்தரை மணியிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார்.

ஆகவே முதல் ஏற்பாடு, அடுப்படி விளக்கு இருவருக்கும் ஒன்றாக அணைய வேண்டும். ஒருவர் பாத்திரம் தேய்த்தால் மற்றவர் மேடையைத் துடைத்துக் குப்பையைக் கட்டி வெளியே வைக்கலாம். ராத்திரிக்குத் தனியாகச் சமைக்காமல் மதியமே குழம்பைக் கொஞ்சம் கூட வைத்துவிடலாம். வாரத்தில் மாவு இருக்கிற நாட்களில் இட்லி ஊற்றி வைத்துவிட்டால் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் ராத்திரிப் பாத்திரம் அவர் பொறுப்பு. சொல்லப்போனால் என்னைவிட நன்றாகவே தேய்க்கிறார், வாணலியின் அடிப்பக்கத்தைக்கூட விடுவதில்லை.

இன்னொரு வழி, வேலையும் வாசிப்பும் சேர்ந்தே நடப்பது. ஒருவர் கீரை ஆய்கிறார், மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து கதை படிக்கிறார். ஒரு கட்டு முருங்கைக்கீரை ஆய்ந்து முடிப்பதற்குள் ஒரு சிறுகதை முடிந்துவிடும். அடுத்த நாள் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். கட்டாயம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த விஷயத்தை நான் சொல்லிப் புரியாதவர்களுக்கு அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைக் கொடுத்துவிடுவேன். 1988-ல் அதே பெயரில் தொகுப்பாக வந்தது. ராஜஸ்தானில் ஒரு பெரிய குடும்பத்தின் சமையலறையைப் பற்றியது. திருச்சிக்காரர்களுக்கும் நன்றாகவே புரிகிறது.

என் கணவருக்குப் படிக்கிற பழக்கமே இல்லை. எப்படிக் கொண்டுவருவது?

கொண்டுவர முயலாதீர்கள். "படிங்க, படிங்க" என்று சொன்னால் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிடும். அவருக்கு எதில் பற்று இருக்கிறதோ அதில் ஒரு புத்தகத்தை வாங்கி மேஜையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சினிமா, கிரிக்கெட், விவசாயம், பழைய அரசியல் என்று எதுவாகவும் இருக்கலாம். அப்படியும் தொடவில்லை என்றால் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். படிக்கப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர் உண்டு. கதை கேட்கப் பிடிக்காதவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர், பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர், செய்தித்தாளைத் தவிர எதையும் தொடாதவர். அவருடைய வீட்டம்மா தேவனின் துப்பறியும் சாம்புவைத் தினம் ஒன்றாகப் படித்துக் காட்டினார். தற்செயலாகவே துப்புத் துலக்கிவிடுகிற அந்த அசட்டு வங்கி குமாஸ்தாவை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு நாள் வீட்டம்மா ஊருக்குப் போயிருந்தபோது மிச்சத்தைத் தானே படித்து முடித்துவிட்டார். அந்த அம்மா திரும்பி வந்து போட்ட சண்டை தனிக்கதை.

வாய்விட்டுப் படிப்பதா? வெட்கமாக இருக்காதா?

முதல் இரண்டு நாள் இருக்கும். அப்புறம் பழகிவிடும்.

இது ஒன்றும் புதிய வழக்கமல்ல. திண்ணையில் ஒருவர் பாரதம் படிக்க ஊரே உட்கார்ந்து கேட்டிருக்கிறது. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் நல்லதங்காள் கதையும் மங்கலான வெளிச்சத்தில் ஒருவர் படிக்கப் பலர் கேட்பதற்கு வசதியாகத்தான் அவ்வளவு பெரிய எழுத்தில் அச்சாயின. வார இதழ் வரும் நாளில், வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண் தொடர்கதையை வாசிக்க, பாட்டிகளும் பக்கத்து வீட்டினரும் சுற்றி உட்கார்ந்து கேட்ட தலைமுறை ஒன்று இருந்தது.

என் மாமியார் அந்தத் தலைமுறை. வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகளை எங்களுக்கு விட்டுப்போயிருக்கிறார். அட்டை மூலையில் துணி ஒட்டிய, முதுகில் பெயர் எழுதாத தொகுதிகள். பக்கத்தைத் திருப்பினால் கதைக்கு நடுவே பாதி வெட்டப்பட்ட ஒரு துணுக்கு இருக்கும். முதல் ஆள் கேள்வி கேட்பான், பதில் வேறு பக்கத்தோடு போயிருக்கும். இன்னொரு பக்கத்தில் கூந்தல் தைல விளம்பரம். சில இடங்களில் ஓரத்தில் பென்சிலால் பால் கணக்கு. பைண்டு செய்தவர் ஒரு வாரத்தை முன்பின்னாக வைத்துத் தைத்துவிட்டதால், ஒரு கதையில் கல்யாணம் முடிந்த பிறகு பெண் பார்க்க வருகிறார்கள். அந்த இடம் வந்தால் இருவருக்குமே சிரிப்பு தாங்காது.

படிக்கும் முறைக்குச் சில யோசனைகள். நிதானமாகப் படியுங்கள். கண் ஓடுகிற வேகத்தில் வாய் ஓடினால் கேட்கிறவருக்கு ஒன்றும் நிற்காது. உரையாடல் வரும் இடத்தில் நாடகம் போட வேண்டியதில்லை. யார் பேசுகிறார் என்று தெரிகிற அளவுக்குக் குரல் மாறினால் போதும். ஒரு தடவைக்கு அரை மணிக்கு மேல் வேண்டாம், தொண்டை கட்டிக்கொள்ளும். வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும். கேட்கிறவர் கையில் ஏதாவது வேலை இருப்பது நல்லது. பூக் கட்டலாம், துணி மடிக்கலாம், பட்டாணி உரிக்கலாம். சும்மா உட்கார்ந்து கேட்டால் தூக்கம் வரும்.

எதிலிருந்து தொடங்குவது?

வாய்விட்டுப் படிப்பதற்கு எல்லாப் புத்தகமும் ஒத்துவராது. நீளநீளமாக யோசித்துக்கொண்டே போகிற எழுத்து கண்ணுக்கு நன்றாக இருக்கும், காதுக்கு அலுக்கும். பேச்சு நிறைய இருக்கிற எழுத்துதான் இதற்குச் சரி.

என் முதல் சிபாரிசு கி. ராஜநாராயணன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல்காரர். கரிசல் காட்டு மனிதர்கள் பேசுகிற மாதிரியே எழுதினார். 1976-ல் வந்த 'கோபல்ல கிராமம்' கண்ணால் படிக்கும்போது ஒன்றாகவும் காதால் கேட்கும்போது வேறாகவும் இருக்கும். பக்கத்தில் ஒரு தாத்தா உட்கார்ந்து சொல்வதுபோலவே தோன்றும். தெற்கத்திக்காரர் யாராவது வீட்டில் இருந்தால் அவரையே படிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அவர் சாத்தூர்ப் பக்கம், அதனால் கி.ரா. அவர் பங்கு. தஞ்சாவூர்ப் பேச்சு வருகிற தி. ஜானகிராமன் என் பங்கு.

ஜானகிராமனின் நாவல்களுக்கு முன்னால் சிறுகதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'பாயசம்' இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அண்ணன் மகனின் வாழ்வைப் பார்த்துப் பொருமுகிற கிழவர் கல்யாண வீட்டில் என்ன செய்கிறார் என்பதுதான் கதை. படித்து முடித்ததும் எங்கள் வீட்டில் சொந்தக்காரர்களின் பெயர்கள் வரிசையாக வெளிவந்தன. 'சிலிர்ப்பு' வேறு மாதிரி. ரயிலில் அப்பாவோடு போகிற சின்னப் பையன், வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்குக் கூட்டிப்போகப்படும் ஒரு சிறுமி, ஓர் ஆரஞ்சுப் பழம். அதைக் குரல் கம்மாமல் படித்து முடிக்க எனக்கு இன்னும் வரவில்லை. கடைசிப் பக்கத்தை அவரிடம் கொடுத்துவிடுவேன். அவர் இரண்டு வரி படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்பார்.

தினமும் கொஞ்சம் என்று மாதக்கணக்கில் படிக்க ஒன்று வேண்டுமானால் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இருக்கிறது. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. அவர் காலமானதால் 122 அத்தியாயங்களோடு நின்றுபோயிற்று. தொடராக வந்ததால் ஒவ்வோர் அத்தியாயமும் ஓர் இரவுக்குச் சரியான அளவு. தமிழ்ப் பேராசிரியர் எழுதியது, கடினமாக இருக்கும் என்று பயப்பட வேண்டாம். அவருடைய குடும்பம் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தது, யார் வீட்டில் என்ன சாப்பாடு, ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எப்படிப் பாடம் சொன்னார் என்று எளிமையாகப் போகும். 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப்போகிற அத்தியாயத்தைத் தவறவிடாதீர்கள். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று தான் படித்ததையெல்லாம் அடுக்குகிறார். முதலியார் அசையாமல், இதெல்லாம் படித்து என்ன என்கிற மாதிரிக் கேட்கிறார். சீவக சிந்தாமணி என்ற பெயர் அங்கேதான் அவர் வாழ்க்கைக்குள் வருகிறது. இரண்டு பேர் பேசுகிற காட்சிதான், ஆனால் துப்பறியும் கதைபோல இழுக்கும்.

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' பற்றிச் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொள்வார்கள். சொல்லிவிட்டேன். புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு அது மிக நல்ல வாசல்தான்.

பொன்னியின் செல்வன்?

தாராளமாகப் படிக்கலாம். 1950-லிருந்து 1954 வரை தொடராக வந்தது, ஐந்து பாகம். ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்த வாரம் வரை காத்திருக்க வைப்பதற்காகவே எழுதப்பட்டது. "இன்னும் ஓர் அத்தியாயம்" என்று நள்ளிரவு ஆகிவிடும், மறுநாள் அலுவலகம் இருப்பதை மறந்துவிடாதீர்கள். படம் பார்த்துவிட்டோமே என்று சிலர் தயங்குகிறார்கள். அதனால் ஒன்றும் குறைவில்லை, நந்தினி பேசுகிற இடங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கணவன் மனைவி சேர்ந்து படிக்கச் சங்கப் பாடல் உண்டா? புரியுமா?

குறுந்தொகை. நானூற்றுச் சொச்சம் பாட்டு, எதுவும் ஒன்பது வரியைத் தாண்டாது. உரையோடு கூடிய பதிப்பு வேண்டும். சாமிநாதையர் 1937-ல் வெளியிட்ட உரைப்பதிப்பு இன்றும் கிடைக்கிறது, அதைவிட எளிய உரைகளும் உண்டு. ஓர் இரவுக்கு ஒரு பாட்டு போதும். முதலில் பாட்டு, அப்புறம் உரை, மறுபடி பாட்டு.

167-ஆம் பாட்டை முதலில் எடுங்கள். கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் கட்டித் தயிரை விரலால் பிசைந்து புளிக்குழம்பு வைக்கிறாள். பிசைந்த விரலைத் துடைத்த சேலையை மாற்றக்கூட நேரமில்லை. தாளிக்கிற புகை கண்ணில் படுகிறது. கணவன் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறான். அவள் முகம் மலர்ந்ததா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு. இதைப் படித்த இரவு என் வீட்டுக்காரர் மோர்க்குழம்பு நன்றாக இருந்தது என்றார். அன்றைக்கு வைத்தது ரசம்.

என் மனைவி டெல்லியில் வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது.

நீங்கள் படியுங்கள், அவர் கேட்கட்டும். இதைவிட நல்ல காரணம் உங்களுக்குக் கிடைக்காது. வெளிநாட்டில் வளர்ந்தவர்களுக்கும் இதேதான். பேச்சுமொழி கலந்த கதைகளாக எடுங்கள். அ. முத்துலிங்கத்தின் கதைகள் பொருத்தமாக இருக்கும். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்து பல நாடுகளில் வேலை பார்த்துவிட்டுக் கனடாவில் இருப்பவர், சிரிப்பும் உண்டு. சில மாதங்களில் அவரே எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிக்கலாம். ஆரம்பிக்காவிட்டாலும் குறை ஒன்றுமில்லை.

மாமியார் ஏழு மணியிலிருந்து சீரியல் பார்க்கிறார். ஒரே கூடம்தான் இருக்கிறது.

அவருடைய சீரியலை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது அவருடைய மாலை. ஒன்பது மணி வரை அவருக்கு, அதற்குப் பிறகு உங்களுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மொட்டை மாடி, படுக்கையறை, பின்கட்டு என்று எங்காவது இரண்டு நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலியே போதும், ஈஸிசேர் வாங்கினால்தான் படிப்பேன் என்பதெல்லாம் சாக்கு. இன்னொரு விஷயம், வாய்விட்டுப் படிக்கிற வீடுகளில் மாமியார்களே சீரியலை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததை நான் கண்டிருக்கிறேன். அதுவும் பழைய தொடர்கதை என்றால் "இது எனக்குத் தெரியுமே" என்று முடிவைச் சொல்லிவிடுவார்கள். அதற்குத் தயாராக இருங்கள்.

செல்போன்?

அடுத்த அறையில் சார்ஜில் போடுங்கள். மணியடித்தால் கேட்கட்டும். வெளியூரில் பிள்ளை இருக்கும் வீட்டில் போனை அணைத்து வைக்கச் சொல்வது நியாயமில்லை. வாட்ஸப் மட்டும் காத்திருக்கட்டும்.

சின்னக் குழந்தை இருக்கிறது. எங்களுக்கு இதெல்லாம் நடக்குமா?

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் நேர்மையாகச் சொல்கிறேன், கஷ்டம். தூக்கம் கிடைத்தால் தூங்குங்கள், புத்தகம் எங்கும் போய்விடாது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் அதையும் சேர்த்துக்கொண்டு படிக்கலாம். நீங்கள் படிப்பதைப் பார்த்துப் பிள்ளையும் படிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஒன்று படித்தது, ஒன்று இன்றுவரை படிக்கவில்லை. இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன.

புத்தகம் விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகுமா?

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. நீங்கள் சொத்து வரி கட்டும்போது அதோடு நூலக வரியும் கட்டுகிறீர்கள் என்பது தெரியுமா? ரசீதை எடுத்துப் பாருங்கள். 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. இந்தியாவில் இப்படியொரு சட்டம் முதலில் போட்ட மாகாணம் நம்முடையது. அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். ஆக, கிளை நூலகத்தில் இருக்கும் புத்தகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது. காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் மிகச் சிறிய தொகைதான். இருவரும் தனித்தனியாக உறுப்பினராகுங்கள், இரண்டு பேர் கணக்கில் எடுக்கலாம். நூலகரிடம் முகம் பழகிவிட்டால் புது வரவு வரும்போது அவரே சொல்வார்.

வாங்குவதென்றால் புத்தகக் காட்சிக்குக் காத்திருங்கள். சென்னைப் புத்தகக் காட்சி 1977-லிருந்து நடக்கிறது, பொங்கலை ஒட்டி வரும். ஈரோட்டில் ஆகஸ்டில். இப்போது மாவட்டந்தோறும் நடத்துகிறார்கள். வழக்கமாகப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆளுக்கு ஒரு தொகை என்று வீட்டிலேயே பிரித்துக்கொண்டு போய், உள்ளே போனதும் பிரிந்துவிட்டு, வாசலில் டெல்லி அப்பளக் கடையில் சந்திப்பது எங்கள் வழக்கம். பையைப் பிரித்துப் பார்த்தால் ஒரே புத்தகம் இரண்டு பிரதி வந்திருக்கும் ஆண்டுகளும் உண்டு.

நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் மலிவாகக் கிடைக்கும். அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து உரிமையைப் பொதுவாக்கிவிடுவதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். கல்கியின் நாவல்கள் இத்தனை விலையில் இத்தனை பதிப்பாகக் கிடைப்பது அதனால்தான். மலிவுப் பதிப்பு வாங்கும்போது நடுவில் நாலு பக்கம் புரட்டி எழுத்துப் பிழை பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மின்புத்தகத்தில் படிக்கலாமா?

படிக்கலாமே. கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ்ப் புத்தகம் வருகிறது. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி பெரிய உதவி. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி இன்றுவரை பழந்தமிழ் நூல்களையும் உரிமை முடிந்த நூல்களையும் இலவசமாகக் கொடுத்துவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுப் புத்தகங்கள் அப்படியே இருக்கின்றன. ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்கிற இணையத் திட்டம் உண்டு. செல்போனில் மட்டும் வேண்டாம். மேலே ஒரு அறிவிப்பு வந்து விழுந்தால் கதை போயிற்று.

விளக்கு, கண், கொசு?

குழல்விளக்கு கூடம் முழுக்கப் பரவும், பக்கத்தில் விழாது. தோளுக்குப் பின்னாலிருந்து விழுகிற மாதிரி, மஞ்சள் சாயல் உள்ள 9 வாட் எல்இடி ஒன்று போதும். நாற்பதைத் தாண்டிப் புத்தகத்தைக் கை நீட்டிப் பிடிக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். ஆளுக்கொரு கண்ணாடி வேண்டும். அவருடையதை நீங்கள் போட்டுக்கொண்டு தலைவலி என்று சொல்லாதீர்கள்.

கொசுவுக்கு ஐந்தரைக்கே ஜன்னலைச் சாத்துவது, வலையடிப்பது, காலடியில் மின்விசிறி. மின்விசிறியை நேரே புத்தகத்துக்கு வைத்தால் பக்கம் தானாகப் புரளும்.

அலமாரியில் பூச்சி அரிக்கிறது.

சுவரை ஒட்டி அலமாரியை வைக்காதீர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் ஈரம் புத்தகத்துக்கு ஏறும். வருடத்துக்கு இரண்டு முறை எல்லாவற்றையும் இறக்கித் தட்டி, வெயிலில் இல்லாமல் காற்றாட வையுங்கள். காய்ந்த வேப்பிலையோ வசம்போ தட்டில் போடலாம். ராமபாணப் பூச்சி கொஞ்சம் அடங்கும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, அடிக்கடி எடுத்துப் படிப்பது. திறக்காத புத்தகத்தைத்தான் பூச்சி முதலில் தேடிப்போகும்.

எனக்குப் பிடித்த புத்தகத்தை அவர் மட்டம் என்று சொல்லிவிட்டார். வருத்தமாக இருக்கிறது.

இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு நாம் சேர்க்கிற நகை, பாத்திரம் எதைச் சொன்னாலும் தாங்கிக்கொள்ளலாம், பதினெட்டு வயதில் அழுதுகொண்டே படித்த நாவலைச் சொன்னால் சுருக்கென்றுதான் இருக்கும். பிடிக்கவில்லை என்று சொல்லட்டும், மட்டம் என்று சொல்ல வேண்டாம் என்று அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். நாற்பது பக்கம் வரை பொறுத்துப் பார்ப்பது, அதற்கு மேல் கட்டாயமில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. என் வீட்டுக்காரர் சரியாக நாற்பதாம் பக்கத்தில் மூடுவார், வாக்கியம் பாதியில் நின்றாலும் கவலைப்பட மாட்டார்.

இதற்காக இருவரும் சேர்ந்தே பெரிதாக எதையாவது செய்தவர்கள் உண்டா?

புதுக்கோட்டைக்குப் போனால் ஞானாலயா ஆய்வு நூலகத்தைப் பாருங்கள். கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் கணவன் மனைவியாகச் சேர்ந்து உருவாக்கியது. தமிழின் பழைய முதற்பதிப்புகளைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் அங்கே போகிறார்கள். அந்த அளவுக்கு எல்லோராலும் ஆகாது. இரண்டு அலமாரிக்கே எங்கள் வீட்டில் இடச் சண்டை.

படிக்கும்போது பாதியிலேயே தூங்கிவிடுகிறார்.

எங்கே விட்டோம் என்று பென்சிலால் கோடு போட்டுவிட்டு விளக்கை அணையுங்கள். மறுநாள் "நான் தூங்கவே இல்லை, எல்லாம் கேட்டேன்" என்பார். ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

இரவல் கொடுத்தால் திரும்பி வருவதில்லையே?

ஒரு நோட்டுப் போட்டு, பெயர், புத்தகம், தேதி எழுதி, அவர்கள் கண்ணெதிரிலேயே எழுதுங்கள். எங்கள் நோட்டில் நெருங்கிய சொந்தங்களின் பெயர்தான் அதிகம். கல்யாண வீடுகளில் பார்க்கும்போது வேறு பேச்சைத் தொடங்குவதற்கு முன் இதைக் கேட்டுவிடுவார் என் வீட்டுக்காரர். சிலர் எங்களைக் கண்டதும் பந்திக்குப் போய்விடுகிறார்கள்.